காவல் நிற்கும் சமாதானம்



அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலையில் நாங்கள் வார்டுகளைச் சந்திக்கிறது வழக்கம். ஜெபித்து முடித்து எழுந்திருக்கும்போது சிலர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஐயா, இவ்வளவு ஜெபித்தும் பயமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லையா?" கிராமத்துத் தாயாரும் கேட்பார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் கேட்பார். வியாதி ஒரு பாரம். பயப்படுகிறோமே என்ற வெட்கம் அதற்குமேல் இன்னொரு பாரம். இரண்டாவது பாரத்தை ஏற்றிவைக்கிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வருகிற சபையார்தான். நல்ல மனதோடுதான் "கவலைப்படக் கூடாது என்று வசனம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்த வசனம் பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்மில் அநேகர் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும். காலண்டரிலிருந்து எடுத்து, அது எழுதப்பட்ட கடிதத்துக்குள் திரும்ப வைத்து வாசித்தால் என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம்.

பவுல் அதை எழுதினபோது சிறைக் காவலில் இருந்தார். தீர்ப்பு என்னவாகுமோ தெரியாது. பிழைப்போமா சாவோமா என்பதையே முதல் அதிகாரத்தில் பேசுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரனைப்பற்றி எழுதுகிறார். இவர் பிலிப்பி சபையார் அனுப்பிய காணிக்கையைச் சுமந்துகொண்டு வந்தவர். வந்த இடத்தில் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாயிருக்கும் என்று அப்போஸ்தலன் மறைக்காமல் எழுதுகிறார். கவலைப்படாதிருங்கள் என்று சொன்ன அதே கடிதத்தில்தான் இதுவும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 4ஆம் அதிகாரத்தில் "கவலை" என்று வருகிற இடத்திலுள்ள அதே கிரேக்க வினைச்சொல், 2ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் தீமோத்தேயுவைப் பாராட்டும்படி வந்திருக்கிறது. உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்க அவனைப்போல் ஒருவனும் இல்லை என்கிறார் பவுல். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 11ஆம் அதிகாரத்தில், சபைகளெல்லாவற்றையும்குறித்துத் தம்மை நாள்தோறும் நெருக்குகிற பாரத்தைச் சொல்லும்போதும் அதே வேர்ச்சொல்தான். ஆக, அக்கறையையே அவர் தடைசெய்யவில்லை. நம் தமிழில் இது விளங்குவது சுலபம். விசாரம் என்றால் கவலை. விசாரிப்பு என்றால் ஒருவரைப் பேணிப் பார்த்துக்கொள்வது. பிறரை விசாரிக்கிற மனது எப்போது தன்னைத்தானே தின்கிற விசாரமாகிறது? அதைத் தனியே, யாரிடமும் சொல்லாமல் சுமக்கும்போதுதான். ஆகவேதான் பவுல், எல்லாவற்றையும் ஸ்தோத்திரத்தோடு தேவனிடம் தெரியப்படுத்தச் சொல்கிறார்.

தெரியப்படுத்துவது என்ற இந்த வார்த்தையை நாங்கள் வார்டில் மிகவும் பயன்படுத்துகிறோம். பொதுவாக "சமாதானம் தாரும்" என்று ஜெபித்துவிட்டுப் போவது எளிது. சற்று உட்கார்ந்து, என்ன பயம் என்று கேட்டால் காரியம் வேறாயிருக்கும். கத்தியைக் குறித்த பயமே அல்ல, அடகில் இருக்கிற நகை. பக்கத்து வீட்டில் விட்டு வந்த பசுமாடு. பரீட்சை எழுதப்போகும் மகள். தான் எழும்பாமல் போனால் கணவர் சமைத்துச் சாப்பிடுவாரா என்பது. பெயர் இல்லாத பயம் இரவு இரண்டு மணிக்கு அறை முழுவதும் நிறைந்துவிடும். பெயர் சொல்லி ஜெபித்த பயமோ தன் அளவுக்குச் சுருங்கும். சிலவற்றைப் பெயர் சொன்னவுடனே தீர்க்கவும் முடிகிறது. கட்டணச் சலுகைக்கு எழுதிக் கொடுத்தால், ஜெபத்துக்கான பதில் பில் கவுண்டரில் வந்து சேர்ந்துவிடும். அந்தப் பதிலில் உங்கள் காணிக்கையும் இருக்கிறது.

தேவசமாதானம் நம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்று பவுல் சொல்லும்போது, அவர் எடுத்தது போர்ச்சேவகர் காவல் நிற்பதற்கு வழங்கின சொல். பிலிப்பி ரோமருடைய குடியேற்றப் பட்டணம், கி.மு. 42இல் அங்கே நடந்த யுத்தத்துக்குப்பின் ஓய்வுபெற்ற போர்வீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அந்த ஊர்ச் சபைக்குக் காவல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்த சிறைச்சாலைக்காரனின் குடும்பமே விசுவாசத்துக்குள் வந்த கதை அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. காவல் எங்கே போடுவார்கள்? ஆபத்து இருக்கிற இடத்தில்தான். கை நடுங்கும்போதும், இரத்த அழுத்தம் ஏறியிருக்கும்போதும் அந்தச் சமாதானம் வாசலில் நிற்கலாம். கெத்செமனேயில் நம் ஆண்டவர் வியாகுலப்பட்டதையும், அவர் வேர்வை பெருந்துளிகளாய் விழுந்ததையும் எழுதிவைத்தவன் வைத்தியனாகிய லூக்கா. அந்த இரவில் ஆண்டவருடைய விசுவாசம் குறைந்துபோயிற்று என்று நம்மில் ஒருவரும் சொல்லத் துணியமாட்டோம்.

2020, 2021இல் கொரோனா வார்டுகளுக்குள் உறவினர் வரக் கூடாத நாட்களில் இதைக் கண்ணாரக் கண்டோம். தொலைபேசியில் ஜெபித்தோம். அழுதுகொண்டே ஆமென் சொன்னார்கள். அழுகை நின்றபிறகுதான் சமாதானம் வரும் என்று காத்திருந்தால் அநேகருக்கு அது வராமலே போயிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. வாரக்கணக்காக உறக்கமில்லை, பசியில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது வைத்தியரிடம் போகவேண்டிய நிலை. மனநல மாத்திரையை "விசுவாசத்தினால்" நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டு, முன்னிலும் மோசமாகித் திரும்பி வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவரை நாம் அவிசுவாசி என்பதில்லையே.

மிஷனெரி ஈ. ஸ்டான்லி ஜோன்ஸை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1907இல் இந்தியாவுக்கு வந்தவர். சில ஆண்டுகளில் மனமும் உடலும் சோர்ந்து, திரும்பத் திரும்ப விழுந்தார். இளைப்பாறும்படி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து மறுபடியும் விழுந்தார். கடைசியில் லக்னோவில் ஜெபத்திலிருந்தபோது, இனித் தம்மால் முடியாது என்பதை அப்படியே தேவனிடம் ஒப்புவித்தார், பெலன் திரும்பியது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஊழியம் செய்து, 1973இல் பரேலியில் காலமானார். 1925இல் வந்த 'இந்தியப் பாதையின் கிறிஸ்து' என்று பொருள்படும் தம் ஆங்கில நூலில் இதை அவரே சொல்கிறார். எங்களுக்கு இதைவிட முக்கியமாய்த் தோன்றுவது, 1950இல் அவர் அதே லக்னோவில் 'நூர் மன்சில்' என்ற மனநல மருத்துவ மையத்தை ஏற்படுத்தியது. தாம் ஜெபத்தில் சுகம் பெற்றவர் என்பதால் மற்றவர்களுக்கும் ஜெபம் மட்டும் போதும் என்று அவர் தீர்மானிக்கவில்லை. வேலூர் பாகாயத்திலுள்ள மனநல மையமோ, குடும்பத்தார் நோயாளியோடு தங்கியிருந்து சிகிச்சையில் பங்குபெறும் முறைக்குப் பெயர்பெற்றது. தனியே சுமக்கவேண்டாம் என்று பவுல் சொன்னதற்கு இதுவும் ஒரு உருவம் என்று நினைக்கிறோம்.

சுகம்பெற்ற எப்பாப்பிரோதீத்துவை அப்போஸ்தலன் ஊருக்குத் திருப்பி அனுப்பினார். கடிதத்தைக் கொண்டுபோனவரும் அவராகவே இருக்கவேண்டும். மரணப்படுக்கையிலிருந்து எழுந்தவன் கையிலிருந்து அந்தச் சபையார் சமாதானத்தின் வசனத்தைப் பெற்றிருப்பார்கள்.

நீங்கள் காணிக்கையோடு அனுப்புகிற கடிதங்களில் எங்களைப் பற்றியும் நோயாளிகளைப் பற்றியும் அன்பாக விசாரிக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. அடுத்த முறை எழுதும்போது உங்கள் கவலையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். காலை ஜெபக் கூடுகையில் வைத்து ஜெபிப்போம். நடமாடக்கூடிய நோயாளிகள் சிலரும் அதில் வந்து உட்காருகிறார்கள், உங்களுக்காக ஜெபிக்க அவர்களுக்கு மிகவும் பிரியம்.