குலுக்கலே கொடுக்கும் கரண்ட்

பிரிட்டனில் நீராவி ரயில் ஓடிய நாட்களில், வண்டி நின்றதும் ஒருவர் நீளக் காம்புச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் நல்ல சக்கரம். மந்தமாக ஒலித்தால் விரிசல். நம் ஊர் ஸ்டேஷன்களிலும் அந்த ஓசையைக் கேட்டவர்கள் உண்டு. சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டி மட்டும் தட்டலுக்குப் பதில் சொல்லாது. கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். எண்ணெயில் ஊறிய பஞ்சும் கம்பளி நூலும்தான் அப்போது அச்சுக்கு மசகு. அது வறண்டால் உலோகம் உரசிப் புகையும்; கவனிக்காமல் விட்டால் அச்சே முறியும். ஓடும் வண்டியில் புகையும் தீய்ந்த வாடையும்தான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு அச்சுப்பெட்டிக்குள் உருளை பேரிங் வந்தது. தண்டவாள ஓரத்தில் அகச்சிவப்புக் கருவிகள் வந்தன. அவை சூட்டைத்தான் பார்க்கும். சூடேறும்போது பேரிங் கெட்டே போயிருக்கும். கெடத் தொடங்குவது முதலில் அதிர்வில் தெரியும். அதைப் பிடிக்க அச்சுப்பெட்டியிலேயே சென்சார் வைக்க வேண்டும். வைக்கலாம், கரண்ட்டுக்கு எங்கே போவது? வயர் இழுத்தால் அந்த ஆட்டத்தில் அறுந்துவிடும். பேட்டரி போட்டால் மாற்றி மாளாது.

2004-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த பெர்பெச்சுவம் நிறுவனம், அந்த ஆட்டத்திலிருந்தே கரண்ட் எடுத்தது. ஸ்பிரிங்கில் ஆடும் காந்தம், பக்கத்தில் கம்பிச்சுருள். ஃபாரடே 1831-இல் கண்டதற்கு மேல் இதில் தத்துவம் எதுவும் இல்லை. சிரமம் வேறிடத்தில். ஸ்பிரிங்குக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதோடு ஒத்துப்போனால்தான் காந்தம் நன்றாக ஆடும். தொழிற்சாலை மோட்டார் ஒரே சீராக அதிரும், பிரச்சினை இல்லை. ரயிலின் குலுக்கலோ வேகத்துக்கு வேகம், தண்டவாளத்துக்குத் தண்டவாளம் மாறும். கிடைப்பது மில்லிவாட் கணக்கில்தான். சென்சாருக்கு அது தாராளம். வந்ததைச் சேமித்து, அவ்வப்போது அளந்து, ரேடியோவில் தகவலை அனுப்பிவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும்.

வண்டி நின்றால் கரண்ட்டும் நின்றுவிடுமே என்று கேட்கலாம். நிற்கும் வண்டியில் பேரிங் சுழல்வதில்லை. அளக்கவும் அங்கே ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஓடும் எலக்ட்ரோஸ்டார் ரயில்களில் இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். 2021-இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனம் பெர்பெச்சுவத்தையே வாங்கிக்கொண்டது. இத்தனை மைல் ஓடினால் பேரிங்கைக் கழற்றிவிடு என்பது பணிமனைகளின் பழைய கணக்கு. நல்ல பேரிங்கும் அதில் சேர்ந்து கழன்றது. இந்தக் கருவி இருக்கும் வண்டியில், எந்தப் பெட்டியின் எந்தச் சக்கரத்தில் பழுது என்பது வண்டி பணிமனைக்கு வருமுன்பே தெரிந்துவிடுகிறது.