உங்களுக்குத் தெரியுமா? குட்டி சிக்லிட்டின் தண்ணீர்க் கணக்கு

பெரும்பாலான மீன்களுக்கு மூக்குத் துவாரம் நான்கு; பக்கத்துக்கு இரண்டு. சிக்லிட் குடும்பத்து மீன்களுக்கோ பக்கத்துக்கு ஒன்றுதான். வாஸ்து மீன் என்று வாங்கி வைக்கும் ஃபிளவர்ஹார்னும் இந்தக் குடும்பம்தான். இதில் 10 செ.மீ.க்குள் வளர்ச்சி நின்றுவிடும் இனங்களை ட்வார்ஃப் சிக்லிட், அதாவது குட்டி சிக்லிட் என்கிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும்.

*

பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுத் தண்ணீர் பால் விடாத டீயின் நிறம். காட்டு இலைகள் ஊறி வந்த சாயம் அது. சுண்ணாம்புச் சத்து அநேகமாகக் கிடையாது; அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 4, 5 என்றுதான் இருக்கும். அப்பிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட்டின் இனங்கள் பல இதுபோன்ற ஓடைகளில், இலைக்குப்பைக்கு நடுவே வாழ்கின்றன.

நம் தெருவோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையும் தொட்டித் தண்ணீருக்கு இதே சாயத்தைக் கொடுக்கும். அலசிவிட்டு அப்படியே போடலாம். சில நாளில் ஊறி மூழ்கிவிடும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து இலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்காக, இலை போட்டதால் உப்புத்தன்மையுள்ள கடின நீர் மென்னீராகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புக்கு முன்னால் நான்கு இலையின் அமிலம் எம்மாத்திரம்?

*

மீனை வாங்குவதற்கு முன்பு வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. நிறத்தைப் பார்த்து மீனை வாங்கி, பிறகு அதற்காகத் தண்ணீரோடு போராடுகிறோம். பாதி மீன்கள் சாவது இந்தத் தலைகீழ் வரிசையால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர் ஓரளவு கடினமா? பெரு நாட்டு அப்பிஸ்டோகிராமா ககாட்டுவாய்டிஸும், நைஜீரியப் பக்கத்து கிரிபென்சிஸும் பொறுத்துக்கொள்ளும். மிகக் கடினமா? ஆப்பிரிக்காவின் தாங்கன்யிக்கா ஏரி மீன்களுக்கு அதுதான் பிடிக்கும். அந்த ஏரியின் 'மல்ட்டி' காலி நத்தை ஓட்டுக்குள்ளேயே குடியிருந்து, அங்கேயே முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும். சிக்லிட்டிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று அது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், அந்தத் தண்ணீரைக் குழாய் நீரோடு கலந்து மென்னீர் மீன்களும் வளர்க்கலாம். கலக்கும் விகிதம் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது.

*

புதுத் தொட்டியின் பளிங்கு போன்ற தண்ணீர்தான் மீனுக்கு ஆபத்து! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் கொடிய விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் குட்டி சிக்லிட்டை விட்டால் தாங்காது.

இதிலும் பிஹெச் கணக்கு உண்டு. மொத்த அம்மோனியாவில், 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஹெச் 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டிவிடும். பிஹெச் பொதுவாக உயர்ந்தே இருக்கும் கடின நீர்த் தொட்டிக்காரர்கள் தீனியை அளந்து போட வேண்டியது இதனால்தான்.

ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கசக்கினால் அத்தனை பாக்டீரியாவும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

*

ராம் என்று கடைகளில் விற்கும் குட்டி சிக்லிட் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ சமவெளியைச் சேர்ந்தது. 1948இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். வெயில் சுடும் நீர்நிலை மீன் என்பதால் தண்ணீர் குளிர்ந்தால் சோர்ந்துவிடும். நம் ஊருக்கு ஏற்றதுதான். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. கோடையில் கரண்ட் போனால் முதலில் கவனிக்க வேண்டியது ஏர் பம்ப். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

*

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பம் தீர்மானிக்குமா? அப்பிஸ்டோகிராமாவில் ஆம். 1996இல் வெளிவந்த ரோமர், பைசென்ஹெர்ட்ஸ் இருவரின் ஆய்வு முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் இதைக் கண்டது. சூடு கூடினால் ஆண் குஞ்சுகள் கூடும்.

*

கொட்டாங்குச்சியில் ஒரு சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். ககாட்டுவாய்டிஸ் பெண் அதன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டும். அன்றிலிருந்து அவள் உடம்பு பளிச்சென்று மஞ்சளாகிவிடும். குஞ்சுகளைக் காக்கும் நாட்களில், தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டி விரட்டிக் கொத்துவாள். ஒளிய இடமில்லாத தொட்டியில் ஆண் செத்துக்கூடப் போகும். செடியும் மரக்கட்டையும் அழகுக்கு மட்டுமல்ல.

*

இந்தியாவுக்கென்று சொந்தமான சிக்லிட் மூன்றே இனம். அவற்றில் சின்னது ஆரஞ்சு குரோமைட்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் வாழ்வது. அதன் குஞ்சுகள் தாய் தந்தை இருவரின் தோலிலும் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்று வளர்கின்றன. மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளி வரிசைகள் ஓடும் இந்த மீனுக்கு நம் வீட்டுத் தொட்டிகளில் இன்னும் அதிக இடம் கிடைக்க வேண்டும்.

*

எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கி, மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். ஆசனவாயில் சிவப்பு நூல் நுனிகள் எட்டிப் பார்த்தால் அது கமல்லானஸ் புழு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. கொளத்தூர்ச் சந்தையிலோ வேறெங்கோ வாங்கி வந்த புது மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனித்தால், இவற்றில் பெரும்பாலானவை பழைய மீன்களுக்குத் தொற்றாமல் தடுத்துவிடலாம்.