மரணசாதனத்தில் நிறைவேற்றுநராக உங்கள் பெயர் இருந்தால்

நீங்கள் ஊர் திரும்பும்போது, காணிக்கும் வீட்டுக்கும் உரியவர் உயிருடன் இல்லாதிருக்கலாம். அவர் மரணசாதனம் எழுதியிருந்தால், அதன்படி சொத்துகளை உரியவர்களிடம் சேர்ப்பதற்கு ஒருவரை நியமித்திருப்பார். அவரே நிறைவேற்றுநர். அவர் பொறுப்பாளர் மட்டுமே. மரணசாதனம் அவருக்கென எழுதிய பங்கைத் தவிர வேறெதுவும் அவருடையதல்ல. இப்பொறுப்பை ஏற்க விரும்பாவிட்டால் நீங்கள் மறுக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மரணசாதனத்தின் மூலப்பிரதியைத் தேடுங்கள். அது இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், எழுதிய நொத்தாரிசிடம் விசாரியுங்கள். நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, எழுதியவர் ஒப்பமிட்டிருக்க வேண்டும்.

2. மரணச் சான்றிதழைப் பெறுங்கள். மரணம் வேறு மாவட்டத்தில் பதியப்பட்டிருந்தால், அங்குள்ள பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். தொலைந்த காணி உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவகத்தில் கேட்கலாம்.

3. சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பியுங்கள். மரணசாதனத்தை ஏற்று நீதிமன்றம் வழங்கும் அதிகாரப் பத்திரம் 'புரொபேட்' எனப்படும். அது கிடைக்கும்வரை எதையும் விற்கவோ பங்கிடவோ வேண்டாம்.

4. காணி, வீடு, வங்கிப் பணம், நகை, கடன் அனைத்தையும் பட்டியலிடுங்கள். முதலில் கடன்களைத் தீருங்கள், மீதியைப் பங்கிடுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இறந்தவரின் கடனை அவரது சொத்திலிருந்தே தீர்க்க வேண்டும். உங்கள் சொந்தப் பணத்திலிருந்து அல்ல.

கவனியுங்கள்

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற அரச காணியை மற்றச் சொத்துகளைப் போல மரணசாதனத்தால் பங்கிட முடியாது. அது பதிவு செய்யப்பட்ட பின்னுரித்தாளருக்கோ, அச்சட்டம் குறிப்பிடும் உறவினருக்கோ சேரும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரியுங்கள்.

மரணசாதனம் இல்லாவிட்டால், சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கலாம். பெரும்பாலும் வாழ்க்கைத் துணைக்கு முன்னுரிமை உண்டு. சொத்தின் பெறுமதி குறைவாயின் வழக்கே தேவைப்படாதிருக்கலாம்.

நீங்கள் உரித்தாளர் என்றால்

"பத்திரம் என்னிடம், ஆகவே காணியும் எனக்கே" என்று உறவினர் யாரேனும் கூறினால் அதை ஏற்றுவிடாதீர்கள். நிறைவேற்றுநரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விளங்காத பத்திரம் எதிலும் ஒப்பமிடாதீர்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். குறைந்த வருமானமுடையோருக்கு அங்கு இலவச உதவி கிடைக்கும்.