போர் எங்கோ, திருவிழாச் செலவு இங்கே

திருவிழா என்பது வியாபாரிகளாகிய நமக்குச் சாமி காரியம் மட்டுமல்ல, ஆண்டு வியாபாரத்தில் ஒரு நல்ல பங்கும் ஆகும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் போன்ற மலையூர்களில் காபியும் மிளகும் விற்ற பணம் கடைத்தெருவுக்கு வந்து சேரும் வழிகளில் ஊர்த் திருவிழாவும் கல்யாணமும் முக்கியமானவை. ஆனால் விழா நடத்தும் செலவு சில ஆண்டுகளில் திடீரென்று ஏறிவிடுகிறது. அதற்கான காரணம் பல நேரங்களில் நம் ஊரிலும் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. இதை விளங்கிக்கொண்டால் நஷ்டத்தைக் குறைக்கலாம்.

மூத்த உறுப்பினர்களுக்கு 1990 நினைவிருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டு 2-ல் ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. எண்ணெய் விலை ஏறியது, நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு கரைந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும் நிலை வந்தது.

இதே கதை 2022-ல் வேறு வடிவத்தில் வந்தது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் முடங்கியிருந்த திருவிழாக்கள் அந்த ஆண்டு பங்குனி, சித்திரையில்தான் பழையபடி களைகட்டின. மதுரைச் சித்திரைத் திருவிழாவும் மக்கள் வெள்ளத்தோடு நடந்தது. ஆனால் பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்திருந்தது. ஏப்ரலில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் 19 கிலோ வணிகச் சிலிண்டர் அங்கே 2,500 ரூபாய்க்கு மேல் போனது. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்ததால் அதற்கும் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மூன்று வாரம் கழித்தே தடை விலகியது.

விழாக் கமிட்டியின் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இதெல்லாம் எங்கே வந்து விழுகிறது என்பது தெரியும். ஜெனரேட்டருக்கு டீசல். வத்தலக்குண்டிலிருந்து பந்தல் சாமான்களும் ரேடியோ செட்டும் மலையேற லாரி வாடகை. நாடகக் குழுவும் கச்சேரிக் குழுவும் வந்து போக வேன் வாடகை. அன்னதானத்துக்கு எண்ணெய், சிலிண்டர். அலங்கார விளக்குகளிலும் ஒலிபெருக்கி உதிரிபாகங்களிலும் பெரும்பகுதி சீனாவிலிருந்து டாலர் கொடுத்து வருபவை. 2022 தொடக்கத்தில் 75 ரூபாய் அளவில் இருந்த டாலர், அக்டோபரில் 82-ஐத் தாண்டியது. சிவகாசி வாணவேடிக்கைக்கு வேண்டிய அலுமினியப் பொடியும் இதற்குத் தப்பவில்லை. அலுமினியம் அந்த ஆண்டு மார்ச்சில் உலகச் சந்தையில் அதுவரை காணாத விலையைத் தொட்டது.

செலவு ஏறினால் கமிட்டி என்ன செய்யும்? முதலில் வரியையும் நன்கொடையையும் கூட்டும். நன்கொடைச் சீட்டு முதலில் வரும் இடம் நம் கடைதான். அதுவும் போதாவிட்டால் இரண்டு நாள் கச்சேரி ஒரு நாளாகும். கூட்டம் குறைந்தால் நம் கல்லாவும் குறையும். மிச்சத்தைக் கடைப் பாக்கியாக நிறுத்துவார்கள். ஆக, மூன்று பக்கமும் அடி நமக்கே.

இன்னொரு வகை இடரும் உண்டு. விலை ஏறாமலேயே விழா நின்றுபோவது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது, 9-ம் தேதி ஐ.பி.எல். போட்டிகள் நிறுத்தப்பட்டு 17-ம் தேதிதான் மீண்டும் தொடங்கின. சென்னையில் மே 16-ல் நடக்கவிருந்த 'தக் லைஃப்' படப் பாடல் வெளியீட்டு விழாவும் தள்ளிப்போனது. பெரிய நிறுவனங்கள் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி வாங்கி வைத்த காய்கறியும் பாலும் தேதி மாறும்வரை காத்திருக்குமா?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே 15 கிலோ எண்ணெய் டின் பத்துக்கு விலை சொல்லிவிடுகிறோம். கிலோவுக்கு 4 ரூபாய் லாபம் என்றால் மொத்தம் 600 ரூபாய். இடையில் கொள்முதல் விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் 3,000 ரூபாய் கூடுதலாகிறது. லாபம் போக 2,400 ரூபாய் கைநஷ்டம். இது கற்பனை அல்ல. 2024 செப்டம்பர் 14-ல், தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில், கச்சா சமையல் எண்ணெய்க்கான மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஒரே நாளில் ஏறியது.

அப்படியானால் மொத்தமாக வாங்கிப் பதுக்கிவிடலாமா? கூடாது. சட்டமும் இடம் தராது, சந்தையும் இடம் தராது. 2025 மே கடைசியில் அந்த அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதிக விலைக்கு வாங்கி அடுக்கியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் நிலை.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. விலைப் பட்டியலில் 'இந்தத் தேதிவரை மட்டும்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணெய், பருப்பு, சர்க்கரைக்குப் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்று அன்றே கொள்முதல் செய்துவிட வேண்டும். விழா தள்ளிப்போனால் எந்தச் சரக்கைத் திரும்ப எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்பதையும் சிட்டையிலேயே எழுத வேண்டும். நன்கொடைக்கும் பாக்கிக்கும் தனித்தனிக் கணக்கு வைப்பது அவசியம். நன்கொடையை மனமுவந்து கொடுப்போம், பாக்கியைத் தயங்காமல் கேட்போம். நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரே லாரியில் சரக்கேற்றினால் மலையேற்ற வாடகை பங்காகிவிடும்.

உலகச் சந்தை நமக்கு எப்போதும் பகையும் அல்ல. 2025 பிப்ரவரியில் அராபிகா காபி உலகச் சந்தையில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. நம் மலையில் விளைவதும் பெரும்பாலும் அராபிகாதான். தோட்டக்காரர் கையில் பணம் புரளும் ஆண்டில் பழைய பாக்கியை வசூலித்துவிட வேண்டும். காபி விலையை விசாரிக்கிற கடைக்காரர் கச்சா எண்ணெய் விலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டால், எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.