சாரணியரும் பரிந்து பேசும் கலையும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் பசிக்குத் தான் அழுதல் எவர்க்கும் இயல்பு. அதற்கு ஆசிரியர் வேண்டுவதில்லை. பிறர் பசியைத் தீர்க்கவல்லார் முன் சென்று, அவர் மனங்கொள்ளுமாறு அதனை எடுத்துரைத்தல் வேறொரு திறம். பரிந்து பேசுதல் என யாம் ஈண்டுக் குறிப்பது இதனையே. 150-க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ள சாரணியர் இயக்கம் இத்திறத்தைச் சிறுமியர்க்கு எவ்வாறு பயிற்றுகின்றது என்பதை ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வியக்கம் பிறந்ததே ஒரு விண்ணப்பத்தால் எனலாம். 1909-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டன் பளிங்கு மாளிகையிற் கூடிய சாரணச் சிறுவர்களைப் பேடன் பவல் பார்வையிட்டபொழுது, அழைப்பின்றியே வந்திருந்த பெண்கள் சிலர் தமக்கும் இடமளிக்குமாறு அவரை வேண்டினர். பெண்கள் காடு மேடு அலைந்து கூடாரமடித்தல் தகாது என்று பலர் முகஞ்சுளித்த காலம் அது. மறு ஆண்டிலேயே அவர்தம் தங்கை ஆக்னஸ் அம்மையாரின் தலைமையில் சாரணியர் இயக்கம் தோன்றியது. 1911-இல் அது ஜபல்பூரில் தொடங்கப்பெற்று இந்தியாவிற்கும் வந்தது. 1928-இல் ஹங்கேரி நாட்டுப் பராத் என்னும் ஊரில் உலகச் சங்கமாக உருப்பெற்றது.

பயிற்சியின் முறை யாது? நம் கல்லூரிகளில் நிகழும் சொற்போர்களை நேயர்கள் அறிவர். எக்கட்சி கிடைப்பினும் அதனைத் திறம்பட நாட்டுதலே ஆண்டுப் பெருமை. கைதட்டல் முடிந்தால் காரியமும் முடிந்தது. யாமும் அம்மேடைகளில் நின்று மகிழ்ந்தவர்களே; ஆதலின் அவற்றை இகழ்கின்றோமல்லோம். ஆயின் பரிந்து பேசுவோர்க்குக் கைதட்டல் ஒரு பயனும் தாராது. முடிவு செய்யும் அதிகாரம் எவர் கையில் உள்ளதோ அவர் மனம் திரும்பவேண்டும்.

ஆகவே பேச்சுக்கு முன் ஆராய்ச்சியே கற்பிக்கப்படுகின்றது. சிறுமியர் ஒரு மரத்தை வரைகின்றனர். அடிமரத்திற் குறையினையும், வேர்களிற் காரணங்களையும், கிளைகளில் விளைவுகளையும் எழுதுகின்றனர். ஓர் ஊரிற் பெண் குழந்தைகள் பள்ளியை விட்டு நிற்கின்றனர் எனக் கொள்வோம். பெற்றோரின் அறியாமை என்று எழுதிவிடுதல் எளிது. வேரைத் தோண்டினால், பள்ளியிற் கழிப்பிடத்திற்குக் கதவில்லை என்பது வெளிப்படலாம். அப்பொழுது பெற்றோரிடம் பேசிப் பயனென்? கதவு போடவல்லார் தலைமையாசிரியரா, ஊராட்சியாரா என்று அறிதல் வேண்டும். அவர் எதற்கு அஞ்சுவார், எதனை விரும்புவார் என்பதும், துணைவருவார் யாவர் என்பதும் அறிதல் வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே வாய் திறத்தல். எமது கருத்தில், யாரிடம் பேசுவது என்னும் இவ்வொரு வினாவே பாடத்தின் உயிர்நிலை.

இக்கல்வி பயிற்றியோரையே எதிர்த்து நின்ற ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துச் சாரணியர் இருவர், பதினொரு வயதினர், 2007-இல் ஒரு விருதின் பொருட்டு ஒராங்குட்டான் குரங்குகளைப்பற்றி ஆராய்ந்தனர். போர்னியோ, சுமத்ரா தீவுகளில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்படுதலால் அவ்வுயிர்கள் அழிகின்றன என அறிந்தனர். பின் தம் வீட்டுப் பண்டங்களை ஆராய்ந்தபொழுது, ஆண்டுதோறும் தாம் வீடுவீடாகச் சென்று விற்கும் சாரணியர் பிஸ்கட்டுகளிலேயே அவ்வெண்ணெய் இருக்கக் கண்டனர்! அந்த பிஸ்கட் விற்பனையோ அமெரிக்கச் சாரணியர்க்குப் பெரும் வருவாய். இருவரும் விற்பதை நிறுத்தினர், கடிதங்கள் வரைந்தனர், பல்லாயிரவர் கையொப்பம் திரட்டினர். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2011-இல் தலைமை நிலையத்தார் அவர்களை நேரில் அழைத்துப் பேசினர். அவ்வாண்டிலேயே பனையெண்ணெயைக் குறைப்பதாகவும், காடழிவைத் தடுக்கும் நோக்குடைய சான்றிதழ்கள் வாங்குவதாகவும் அறிவித்தனர். முற்றிலும் நீக்குக என்று கேட்ட சிறுமியர்க்கு அது நிறைவளிக்கவில்லை. அதனையும் அவர்கள் மறைக்கவில்லை. 2012-இல் ஐக்கிய நாடுகள் சபை அவர்களை வன வீரர் எனப் பாராட்டியது.

ஐக்கிய நாடுகள் சபையுடன் உலகச் சங்கத்திற்கு நெருங்கிய தொடர்புண்டு. பெண்கள் நிலை ஆணையம் நியூயார்க்கிற் கூடுங்கால், பல நாட்டு இளம்பெண்களைச் சங்கம் பிரதிநிதிகளாக அனுப்பிவருகின்றது. 1966 முதல் பூனா நகரில் விளங்கும் சங்கம் என்னும் உலக நிலையத்திலும் பன்னாட்டு மங்கையர் கூடிப் பயில்கின்றனர்.

ஆயினும் இக்கலை பொறுமையை எவ்வளவு வேண்டுவது என்பதற்கு இங்கிலாந்தின் செய்தியே சான்று. அந்நாட்டுச் சாரணியர் சங்கம் 2009 முதல் ஆண்டுதோறும் பெண்களின் எண்ணங்களைக் கேட்டு வெளியிட்டு வருகின்றது. 13 முதல் 21 வயதினருள் நூற்றுக்கு 59 பேர், கடந்த ஓராண்டிற் பள்ளியிலோ கல்லூரியிலோ பாலியல் தொல்லைக்கு உள்ளானதாக 2014-இற் கூறினர். மனம் குமுறும் கதைகள் முன்னரும் இருந்தன. எண்ணாக வந்தபின் அதனை ஒதுக்குதல் அரிதாயிற்று. 2016-இற் பாராளுமன்றக் குழுவொன்று இத்தீமையைப்பற்றி வெளியிட்ட அறிக்கையில் இக்கணக்கும் எடுத்தாளப்பெற்றது. பிறர் பலரும் உடன் உழைத்தனர்; சாரணியர் மட்டுமே சாதித்தனர் எனல் மிகை. 2017-இற் சட்டம் இயன்றது. 2020 செப்டம்பர் முதல், உறவு நெறியும் பாலியல் அறிவும் இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாயின. 2014-இல் விடையளித்த பெண்களுள் மிக இளையவரும் அதற்குள் பள்ளியை விட்டு நீங்கியிருந்தனர்.