சதுரங்கத்தில் மகளிர்: குறைவு வாய்ப்பிலேயே

சதுரங்கம் ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நிலவுகிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

முதலாவது மகளிர் உலகப் பட்டத்தை 1927 இல் இலண்டனில் வேரா மென்சிக் வென்றார். 1933 இல் பிரித்தானிய மகளிர் பட்டம் பாத்திமா என்னும் முஸ்லிம் பெண்ணுக்குக் கிட்டியது. அவர் சேர் உமர் ஹயாத் கானின் இல்லப் பணிப்பெண். அவ்வாண்டிறுதியில் எஜமானர் இந்தியா திரும்பியதோடு அவரது போட்டி வாழ்வும் முடிவுற்றது. திறமை இருந்தது, வாய்ப்பு பிறர் கையில் இருந்தது.

வாய்ப்பு வாய்த்தோர் சாதித்தனர். பங்களாதேஷின் ராணி ஹமீத் குடும்பப் பொறுப்புகளுக்கிடையே முப்பது வயதைக் கடந்த பின்னரே போட்டிகளுக்கு வந்தார். பிரித்தானியப் பட்டத்தை மும்முறை வென்ற அவர், 2024 இல் தமது 80 ஆவது வயதிலும் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் ஆடினார். 1978 இல் ஜோர்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலி, கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதற்பெண் ஆனார். சென்னையின் வைஷாலி 2023 இல் அப்பட்டத்தை எட்டினார். அவரது தம்பி பிரக்ஞானந்தா சதுரங்கத்துக்கு வந்ததே தமக்கையைப் பார்த்துத்தான்.

இவ்விளையாட்டுக்கு மைதானம் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் இல்லை. இடப்பெயர்வின் இழப்புகளைத் தாங்கிய புங்குடுதீவின் பாடசாலைகளுக்கும் இது எட்டாததன்று. பலகையும், பயிற்றுவிக்க ஓர் ஆசிரியரும், போட்டிக்காகப் பிள்ளையைக் கடல்வழிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் அனுப்பும் பெற்றோரின் மனமும் போதும். புலம்பெயர்ந்த ஊரவர் கைகொடுக்கலாம். தமிழ், முஸ்லிம் பெற்றோர் இருசாராரும் மகனுக்கு வழங்கும் நேரத்தை மகளுக்கும் வழங்க வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.