பக்கத்து ஆபீஸ் என்ன செய்யும்?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி செய்யக் கூடாது என்றது. எல்லா ஆலைகளுக்கும் ஒரே விதி என்றால் யாருக்கு என்ன நட்டம்? சிவகாசியில் பட்டாசு ஆலை, அவர்கள் பேச்சில் ‘ஆபீஸ்’, நடத்துபவரின் கவலையே வேறு. ‘நான் நிறுத்தி, பக்கத்து ஆபீஸ்காரர் நிறுத்தாவிட்டால்?’

பேரியம் நைட்ரேட் விலை மலிவு. பச்சை நிறமும் தரும், கம்பி மத்தாப்பு நன்றாக எரியவும் உதவும். அதற்குப் பதில் சொல்லப்படும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்கு விலை அதிகம், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நேர்மையாக மாறியவரின் சரக்கு விலை ஏறினால் வடநாட்டு வியாபாரியின் ஆர்டர் மற்றவருக்குப் போய்விடும். அந்த மற்றவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். எல்லோரும் விட்டால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் தனியாக விட யாருக்கும் துணிவில்லை. ஆட்டக் கோட்பாட்டில் இதற்குக் ‘கைதியின் இக்கட்டு’ என்று பெயர். தடை வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியும், 2021இல் சி.பி.ஐ. அறிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம் பேரியம் இன்னும் புழங்குவதைக் கண்டித்தது. 2023இல் தடையைத் தளர்த்தக் கேட்டபோதும் மறுத்துவிட்டது.

‘அபராதத்தைக் கூட்டு, சிறையில் போடு’ என்பது உடனே வரும் யோசனை. ஆட்டக் கோட்பாடு இங்கேதான் கொஞ்சம் குறும்பு செய்கிறது. ஆலைகளைச் சோதிக்கும் ஆய்வாளரும் ஆட்டக்காரர்தான், அவருக்கும் நேரம், ஆள், அலைச்சல் என்று செலவு உண்டு. தண்டனை கூடினால் ஆலைகள் முதலில் பயந்து அடங்கும். அடங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் சோதனை குறையும். சோதனை குறைந்தது தெரிந்ததும் மீறல் பழையபடி தலைதூக்கும். கடைசியில் குறைந்து நிற்பது சோதனைகள். மீறல் இருந்த இடத்திலேயே இருக்கும். இது காகிதக் கணக்கு, நிஜம் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பது உண்மைதான்.

ஆனாலும் 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தைப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். ஆலை குத்தகைக்கு விடப்பட்டு, அறைகள் பலருக்கு உள்குத்தகைக்குப் போயிருந்தன. சட்டப்படி அது குற்றம் என்பது யாருக்குத் தெரியாது? ஆனால் தண்டனைப் பயம் தடுக்கவில்லை. வாடகைக்கு அறை எடுத்தவரோ சீசன் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். வெடிமருந்து அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பெல்லாம் அந்த அவசரத்தில் காற்றில் பறக்கும்.

ஆகவே தண்டனையை விட, சோதனை செய்பவரின் கணக்கை மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். ஒவ்வொன்றின் மருந்து அறையையும் எட்டிப் பார்ப்பது நடக்காத காரியம். மருந்துக்கான ரசாயனம் விற்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. அவர்களுடைய பில் புத்தகத்தையும் இருப்பையும் ஒப்பிட்டால் பேரியம் எந்த ஆபீசுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், பக்கத்து ஆபீசுக்கும் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியவரும்.